வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்தக் கூட்டத்தின் காவல்?

ஆண்டிவைரஸ் சந்தா முடிகிற மாதம் வந்தால் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். மறுபடியும் பணம் கட்டுவதா, இலவசமாகக் கிடைப்பதை வைத்து ஓட்டிவிடுவதா? இலவசம் என்கிறோமே, அதில் பெரும்பகுதி யாரோ சிலர் எங்கோ உட்கார்ந்து சம்பளம் வாங்காமல் செய்து வைத்த வேலை. விளம்பரத்தைத் தடுக்கும் பட்டியல்கள், மோசடித் தளங்களைப் புகார் செய்யும் ஏற்பாடுகள், ஓட்டுப் போட்டு ஒரு தளத்துக்கு மார்க் கொடுக்கும் பிரவுசர் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) என்று பலவகை உண்டு. எல்லாவற்றையும் 'சமூகப் பாதுகாப்பு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள், 'ஓசியில் என்ன கிடைக்கும்' என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். கூட்டம் செய்த வேலை எவர் வேண்டுமானாலும் திறந்து படிக்கிற கோப்பாக இருக்கிறதா, இல்லை யார் போட்டது என்று தெரியாத ஓட்டுகளின் சராசரியாக இருக்கிறதா? கோப்பாக இருந்தால் தப்பு நடக்கும்போது யாராவது ஒருவர் கண்ணில் படும். சராசரியாக இருந்தால் தப்பும் அந்தச் சராசரிக்குள்ளேயே கரைந்துவிடும்.

பேச்சு வசதிக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 11 போட்ட ஒரு கம்ப்யூட்டர். கரண்ட் பில்லும் பேங்க் வேலையும் பார்க்கும் அப்பா, காலேஜ் புராஜெக்ட் செய்யும் பெண். யார் வந்து அமுக்கினாலும் வேலை செய்யாத ஒரு பிரிண்டர். இந்த வீட்டுக்கு எதை வைக்கலாம், எதை விடலாம்?

ஓட்டுப் போட்டு மார்க் கொடுக்கும் நீட்சிகள்

பார்த்தவுடன் பிடித்துப் போவது இந்த வகைதான். இதில் பேர்போனது ஃபின்லாந்தில் தொடங்கிய வெப் ஆஃப் டிரஸ்ட், சுருக்கமாக வாட். பிரவுசரில் போட்டுக்கொண்டால், தேடலில் வரும் ஒவ்வொரு சுட்டிக்குப் பக்கத்திலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டம் தெரியும். உலகமெங்கும் உள்ள பயனர்கள் கொடுத்த மதிப்பெண்ணிலிருந்து வருகிற வட்டம் அது. அப்பாவுக்கு விளக்குவது சுலபம்: பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் வேண்டாம்.

2016 நவம்பரில் ஜெர்மனியின் என்.டி.ஆர் ஒலிபரப்பு நிறுவனம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரம் தரவு வியாபாரிகளிடம் விலைக்குக் கிடைத்தது. அந்த விவரம் வந்த வழிகளில் ஒன்று வாட் நீட்சி. பெயரை நீக்கிவிட்டோம் என்று சொல்லப்பட்ட தரவிலிருந்தே குறிப்பிட்ட ஆட்களை அடையாளம் காண முடிந்தது. ஃபயர்பாக்ஸ் நீட்சியைத் தூக்கியது, குரோமிலிருந்தும் அது காணாமல் போனது. பின்னர் மாற்றங்களோடு அது திரும்பி வந்தது என்பது வேறு கதை. மார்க் போட்டவர்கள் நல்லெண்ணத்தில்தான் போட்டார்கள். நீட்சியை வைத்திருந்த கம்பெனியின் பிழைப்பு வேறாக இருந்தது.

சரி, கம்பெனி யோக்கியமாக இருந்தால்? அப்போதும் ஓட்டு முறைக்குள்ளேயே சிக்கல் இருக்கிறது. ஃபிஷ்டேங்க் 2006-இல் ஓப்பன்டிஎன்எஸ் என்ற கம்பெனி தொடங்கிய ஏற்பாடு. பேங்க் பெயரில் வரும் போலிப் பக்கங்களைப் பதிவு செய்துகொண்ட எவரும் புகார் செய்யலாம், மற்றவர்கள் அது போலியா இல்லையா என்று ஓட்டுப் போடுவார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டைலர் மூர், ரிச்சர்ட் கிளேட்டன் இருவரும் 2008-இல் அதன் தரவை எடுத்து அலசினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தாலும் வேலையில் பெரும்பங்கைச் செய்தது கைவிட்டு எண்ணக்கூடிய சிலர். எப்போதாவது வந்து ஓட்டுப் போடுகிறவர்கள்தான் அதிகம் தப்பாகப் போட்டார்கள். கம்பெனிகள் தாங்களே தொகுக்கும் பட்டியலோடு ஒப்பிட்டால் முடிவு வர நேரமும் கூடுதலாக ஆனது. போலி பேங்க் பக்கம் சில மணி நேரம் உயிரோடிருந்தாலே போதும், வசூல் முடிந்துவிடும். ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் ஆள் கடையைக் கட்டியிருப்பான்.

இந்த வகையை நம் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காசு கட்டிய ஆண்டிவைரஸோடு சேர்ந்து வரும் பச்சை டிக் நீட்சிகளுக்கும் இதே பதில்தான். போகிற ஒவ்வொரு தளத்தின் முகவரியையும் வெளியே சொன்னால்தான் அந்த டிக் வரும் என்றால், அது எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். 'கம்பெனி என்றால் பொறுப்பு இருக்கும்' என்கிறவர்கள் அவாஸ்டை நினைத்துப் பார்க்கலாம். தன் ஆண்டிவைரஸும் நீட்சிகளும் திரட்டிய உலாவல் விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்தக் கம்பெனியை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது.

வடிகட்டிப் பட்டியல்கள்

இனி திறந்த கோப்பு வகை. யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைப் பலர் விளம்பரத் தடுப்பான் என்று மட்டும் நினைக்கிறார்கள். அது தானாக எதையும் முடிவு செய்வதில்லை. தன்னார்வலர்கள் பராமரிக்கும் பட்டியல்களை இறக்கிக்கொண்டு, அதில் உள்ளபடி தடுக்கிறது. முதன்மையான பட்டியல் ஈஸிலிஸ்ட், 2005-இலிருந்து இருக்கிறது. திறந்து பார்த்தால் வெறும் எழுத்துக் கோப்புதான். வரிக்கு ஒரு விதி: இரண்டு செங்குத்துக் கோடு, பிறகு தளத்தின் பெயர், கடைசியில் ஒரு தொப்பிக் குறி. அதன் பொருள் 'இந்தத் தளத்திலிருந்து எது வந்தாலும் ஏற்றாதே' என்பது. இப்படிப் பல்லாயிரம் வரிகள். எந்த வரியை யார், எந்தத் தேதியில் சேர்த்தார், எந்தப் புகாருக்காகச் சேர்த்தார் என்பதெல்லாம் நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் வெளிப்படையாகக் கிடக்கிறது. தப்பான வரி ஒன்று நுழைந்து ஒரு டிக்கெட் தளம் திறக்கவில்லை என்றால், அன்றைக்கே பத்துப் பேர் போய்ச் சத்தம் போடுவார்கள், வரி நீங்கும்.

விளம்பரத்தை மறைப்பதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் நிறைய. வி.எல்.சி பிளேயரை இறக்க வேண்டும் என்று தேடினால், முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக வந்து நிற்கும் போலிப் பக்கம்தான் இன்று வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நடைமுறை ஆபத்து. அசல் தளம் அதற்குக் கீழே இருக்கும். அவசரத்தில் இருப்பவர் மேலே இருப்பதைத்தான் அமுக்குவார். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ, இந்த மோசடியைச் சொல்லி, விளம்பரத் தடுப்பு நீட்சி போட்டுக்கொள்ளுங்கள் என்றே பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. அதோடு, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அப்யூஸ்.சிஎச் திட்டம் திரட்டுகிற யூஆர்எல்ஹவுஸ் விவரத்திலிருந்து தொகுத்த தீய முகவரிப் பட்டியலையும் யூபிளாக் ஆரிஜின் சேர்த்தே தருகிறது. வைரஸ் கோப்பு வைத்திருக்கும் முகவரிகள் அதில் வந்துகொண்டே இருக்கும்.

இங்கேயும் ஓட்டைகள் உண்டு. ஆனால் இந்த ஓட்டைகள் வெளியே தெரிந்த விதம்தான் எனக்கு முக்கியம். நேனோ ஆட்பிளாக்கர் என்று ஒரு நீட்சி இருந்தது. யூபிளாக் ஆரிஜினின் நிரலை எடுத்து ஒருவர் உருவாக்கியது. அதையும் கூடவே இருந்த நேனோ டிஃபெண்டரையும் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வைத்திருந்தார்கள். 2020 அக்டோபரில் அவர் அவற்றை வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் ஓர் அப்டேட் விட்டார்கள். பயனர்களின் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து, அவர்கள் அமுக்காமலே முன்பின் தெரியாதவர்களின் படங்களுக்கு லைக் விழ ஆரம்பித்தது. யூபிளாக் ஆரிஜினை எழுதிய ரேமண்ட் ஹில் புதிய நிரலைப் பிரித்துப் பார்த்து, பயனர் விவரம் வெளியே போகும் இடத்தை எல்லாருக்கும் காட்டினார். கூகுள் அதை நீக்கியது. ஃபயர்பாக்ஸுக்கான நேனோவை வேறொருவர் பார்த்துக்கொண்டதால் அது தப்பியது.

பட்டியல் எழுதுகிறவர்களின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்பதும் ஒருமுறை பிரச்சினையானது. ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு விளம்பரத் தடுப்பானில் இருந்த ஒரு விதி வசதியைக் கொண்டு, பட்டியல்காரரே நினைத்தால் சில தளங்களில் தன் நிரலைப் புகுத்த முடியும் என்று 2019-இல் ஓர் ஆய்வாளர் காட்டினார். அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். யூபிளாக் வேறு, யூபிளாக் ஆரிஜின் வேறு. 2015-இல் ஹில் தன் முதல் திட்டத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். அது போன போக்கு பிடிக்காமல் தன் பிரதியை ஆரிஜின் என்ற பெயரில் தொடர்ந்தார். பழைய பெயர் பிற்பாடு விலைக்கே போனது. ஹில் இன்றுவரை நன்கொடை வாங்குவதில்லை. இது பெருமையா பலவீனமா என்று கேட்டால், இரண்டும்தான். ஒற்றை மனிதரின் பிடிவாதத்தை நம்பி இவ்வளவு பேர் இருக்கிறோம்.

இன்னொன்று, நம் ஊருக்குத் தொடர்புள்ளது. 2022-இல் ஈஸிலிஸ்ட்டின் சர்வர் திணறிப்போனது. இந்தியாவில் பலர் வைத்திருந்த ஆண்ட்ராய்டு பிரவுசர்களில் ஒரு கோளாறு: திறக்கும்போதெல்லாம் பட்டியல் முழுவதையும் புதிதாக இறக்கும்படி எழுதிவைத்திருந்தார்கள். சம்பளமில்லாத நாலைந்து பேர் நடத்தும் திட்டத்தின் தலையில் அத்தனை சுமையும் விழுந்தது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு வாளி சாம்பார் கேட்டால் எப்படியோ, அப்படி. இலவசத்துக்கும் செலவு செய்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

குரோமில் இப்போது முழு யூபிளாக் ஆரிஜின் ஓடாது. நீட்சிகளின் விதிமுறையை கூகுள் மாற்றிவிட்டதால் லைட் பதிப்புதான். அதில் பட்டியல்கள் நீட்சியின் அப்டேட்டோடு சேர்ந்துதான் வரும். மணிக்கு மணி மாறும் தீய முகவரிப் பட்டியலுக்கு இது பெரிய குறை. அதனால் நம் வீட்டுக்கு ஃபயர்பாக்ஸ். அப்பாவுக்குப் பழக ஒரு வாரம் ஆகும். புக்மார்க்கை மாற்றிக் கொடுத்து, ஐகானைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டால் அதுவும் ஆகாது.

ரவுட்டரிலேயே தடுப்பது

இதில் இரண்டு வழி. ஒன்று பை-ஹோல்: ராஸ்பெரி பை போன்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீட்டு இணையத்தின் பெயர்த் தேடல் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரி எண்ணைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ்) முழுவதையும் அதன் வழியே அனுப்புவது. எந்தப் பட்டியலை வைப்பது என்பது உங்கள் கையில். டிவி, போன் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேலை செய்யும். ஆனால் தளத்தின் பெயரைப் பார்த்துத்தான் தடுக்கும் என்பதால் யூடியூப் விளம்பரம் அப்படியேதான் வரும். வீட்டில் யாருக்காவது இதில் ருசி இருந்தால் நல்ல பொழுதுபோக்கு. இல்லையென்றால், பெட்டி படுத்த அன்று வீடு முழுக்க நெட் போய்விடும், பணம் கட்டும் பக்கம் ஏன் பாதியில் நிற்கிறது என்று யாருக்கும் விளங்காது. நீங்கள் வேறு ஊரில் இருந்தால் போன்மேல் போன் வரும்.

இன்னொன்று குவாட்-9. லாப நோக்கற்ற அமைப்பு, 2017-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 2021-இல் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்கு மாறியது. அப்யூஸ்.சிஎச் உட்படப் பல இடங்களிலிருந்து தீய முகவரிகளை வாங்கித் தொகுத்து, அவற்றைத் திறக்க விடாமல் செய்கிறது. ரவுட்டரின் டிஎன்எஸ் பக்கத்தில் 9.9.9.9 என்றும், இரண்டாவதாக 149.112.112.112 என்றும் போட்டால் வேலை முடிந்தது. கம்பெனி கொடுத்த ரவுட்டரில் அந்தப் பக்கம் பூட்டியிருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸிலேயே போடலாம். விளம்பரத்தைத் தடுக்காது, ஆகவே எந்தத் தளமும் உடையாது.

இந்த அமைப்பின் மீது எனக்கு நம்பிக்கை வர ஒரு வழக்கும் காரணம். பாட்டுத் திருட்டு நடக்கும் பக்கத்துக்குச் சுட்டி தந்த ஒரு தளத்தைத் தடுக்கச் சொல்லி சோனி மியூசிக் 2021-இல் ஜெர்மனியில் குவாட்-9 மீது வழக்குப் போட்டது. முதலில் சோனிக்குச் சாதகமாகப் போனாலும் குவாட்-9 விடவில்லை. 2023 டிசம்பரில் டிரெஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. எதற்காகத் தடுப்போம், எதற்காகத் தடுக்க மாட்டோம் என்று சொல்லி அதற்காகச் செலவழித்து நிற்கிறவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். நம் வீட்டுக்கு இதுதான்.

ஒரே கோப்பை எழுபது பேரிடம் காட்டுவது

வைரஸ்டோட்டல் 2004-இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012-இல் கூகுள் வாங்கியது. ஒரு கோப்பைக் கொடுத்தால் எழுபதுக்குப் பக்கமான ஆண்டிவைரஸ் எஞ்சின்கள் என்ன சொல்கின்றன என்று வரிசையாகக் காட்டும். காலேஜ் பெண் ஏதோ ஒரு சாஃப்ட்வேரை இறக்கியிருக்கிறாள், திறக்கலாமா என்று சந்தேகம் வந்தால் இதைவிட நல்ல இடம் இல்லை.

படிக்கிற விதம் மட்டும் தெரிய வேண்டும். எழுபதில் இரண்டு சிவப்பு, அதுவும் பேர் கேள்விப்படாத எஞ்சின்கள், 'ஜெனரிக்' என்று பொத்தாம் பொதுவான பெயர் என்றால் பெரும்பாலும் வீண் பயம். இருபது சிவப்பு என்றால் பேச்சே வேண்டாம். எல்லாம் பச்சை என்பதும் முடிவான பதில் கிடையாது. விவரப் பக்கத்தில் இந்தக் கோப்பு முதன்முதலில் எப்போது வந்தது என்று ஒரு தேதி இருக்கும். உலகமே பயன்படுத்தும் மென்பொருளின் பழைய பதிப்பு, முதன்முதலில் வந்தது இன்று காலை என்று காட்டினால், அது அசல் கோப்பே அல்ல என்று சந்தேகப்படலாம். இந்தத் தேதியை யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் சிவப்பு எண்ணிக்கைக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது அதுதான்.

ஒரு எச்சரிக்கை. அங்கே ஏற்றும் கோப்பு உங்களோடு நிற்காது. பாதுகாப்புக் கம்பெனிகளுக்குப் போகும், கட்டணம் கட்டிய வாடிக்கையாளர்கள் இறக்கிப் பார்க்கலாம். ஆதார் நகல், படிவம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் ஏற்றக் கூடாது. கூட்டம் திறந்த கோப்பாக வேலை செய்வது நல்லதுதான், அந்தக் கோப்பு உங்களுடையதாக இல்லாதவரை.

'சமூக' ஆண்டிவைரஸ்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பயனர்கள் ஒருவரையொருவர் காப்பார்கள் என்று சொல்லி வந்த இம்யூனெட், 2011-இல் சோர்ஸ்ஃபயர் கம்பெனியின் கைக்கும் பிறகு சிஸ்கோ கம்பெனியின் கைக்கும் போய், 2024 தொடக்கத்தோடு மூடப்பட்டது. கிளாம்ஏவி திறந்த மூல எஞ்சின், மெயில் சர்வரில் வருவதை வடிகட்ட அருமையானது, ஆனால் விண்டோஸ் வீட்டுக்கு நாள் முழுக்கக் காவல் நிற்க உருவானதல்ல. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களிலிருந்து வரும் மாதிரிகளை வைத்துக் கற்றுக்கொள்ளும் வேலையை இப்போது விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே செய்கிறது. அந்த மாதிரி அனுப்பும் ஏற்பாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் முதலில் வைத்த பெயர் ஸ்பைநெட்! அப்புறம்தான் யாரோ யோசித்து மாற்றினார்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனைகளில் டிஃபெண்டர் தொடர்ந்து நல்ல மதிப்பெண் வாங்குகிறது. இந்த ஒரு இடத்தில் கூட்டத்தை விட்டு, கூடவே வருவதை வைத்துக்கொள்வதே சரி. சந்தாப் பணம் மிச்சம். அதில், கோப்புகளின் நகலை வைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

பக்கத்து ஆட்கள்

நிஜத்தில் நம் வீடுகளின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு இருப்பது மேலே சொன்ன எதிலும் இல்லை. தெருமுனை சர்வீஸ் கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும்தான் இருக்கிறது. குழுவின் லட்சணம் தெரிந்ததுதான். 'மார்ட்டினெல்லி' என்ற வீடியோவைத் திறந்தால் போன் ஹேக் ஆகிவிடும் என்ற பொய்ச் செய்தி பல வருஷமாகச் சுற்றுகிறது, இன்னும் ஓயவில்லை. அனுப்புகிறவர் அக்கறையில்தான் அனுப்புகிறார். அந்த அக்கறையைச் சரிபார்க்க அங்கே ஆளில்லை.

சர்வீஸ் கடை அப்படி ஒரேயடியாகத் தள்ளக்கூடியது அல்ல. ஆபத்துக்கு ஓடி வருகிறவர் அந்தத் தம்பிதான். ஆனால் 'டிஃபெண்டரை ஆஃப் பண்ணாத்தான் சார் ஆபீஸ் ஏறும்' என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆஃப் பண்ணினால்தான் ஏறும் என்றால் ஏறுவது கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம், டிஜேவியு என்றும் சொல்வார்கள், 2018-இலிருந்து பரவியது பெரும்பாலும் இந்தக் கிராக்குகளிலும், போலி லைசென்ஸ் சாவி தயாரிக்கும் கீஜென்களிலும் ஒட்டிக்கொண்டுதான். காலேஜ் புராஜெக்டுக்கு லிபர்ஆபீஸ் போதும், அதையே ஏற்றித் தரச் சொல்லுங்கள். அப்பாவுக்கும் பெண்ணுக்கும் அட்மின் உரிமை இல்லாத தனித்தனிக் கணக்கு போட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்கு அவர் கேட்கும் கூலியைக் கொடுக்கலாம், தப்பில்லை. பணம் பறிபோனால் மட்டும் கடைக்கும் போக வேண்டாம், குழுவிலும் கேட்க வேண்டாம். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

இத்தனையும் மீறிக் கோப்புகள் பூட்டப்பட்டால்? கூட்டம் உருப்படியாக உதவும் இன்னொரு இடம் அது. டச்சுப் போலீஸ், யூரோபோல், இரண்டு பாதுகாப்புக் கம்பெனிகள் சேர்ந்து 2016 ஜூலையில் நோ மோர் ரான்சம் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். பூட்டிய கோப்பு இரண்டையும் மிரட்டல் குறிப்பையும் கொடுத்தால், எந்த வகை, சாவி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். ஸ்டாப் வகைக்கு மைக்கேல் கில்லெஸ்பி என்ற ஆய்வாளரும் எம்சிசாஃப்ட் கம்பெனியும் சேர்ந்து 2019 அக்டோபரில் 148 உருவங்களுக்கு இலவசத் திறப்பான் வெளியிட்டார்கள். அதற்குப் பிந்தைய உருவங்களில் எல்லாருக்கும் வழி கிடைக்கவில்லை.

இன்று சாவி இல்லை என்று பதில் வந்தாலும் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேரைப் பரப்பிய கும்பல் 2016 மே மாதம் கடையைக் கட்டும்போது, ஈசெட் கம்பெனி ஆய்வாளர் ஒருவர் அவர்களுடைய உதவிப் பக்கத்திலேயே போய் மூலச்சாவியைத் தருகிறீர்களா என்று கேட்டார். கொடுத்துவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். அதற்குமுன் டிஸ்க்கைத் துடைத்துவிட்டவர்களுக்கு அந்தச் சாவியால் பயனில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். விண்டோஸைப் புது டிஸ்க்கில் ஏற்றிக்கொள்ளலாம்.